கரையில நாலு கோடு

ஷெர்லின் மொத மொதலா நற்கருணை வாங்குத புதுநன்மைக்கு நான் வரல சிஸ்டர். அத மொதல்லயே சொல்லிருதேன். நீங்க ஒரு மணி நேரம் பேசி, நானும் தலையத் தலைய ஆட்டி, கடைசியில வரலன்னு சொன்னா உங்களுக்கு மனசு கஷ்டமாயிரும். இப்பமே சொல்லிட்டா காப்பியாவது நிம்மதியாக் குடிக்கலாம். உக்காருங்க. சீனி போடலாம்லா?

ஷெர்லின் என் ஞானப்பிள்ளதான். இல்லன்னு சொல்லல. ஞானஸ்நானத்தன்னைக்குக் கோயில்ல நாந்தான் ஏந்திக்கிட்டு நின்னேன். பெரியம்மா பெரியம்மான்னு பாதி நாள் எங்க வீட்டுலதான் சாப்பிடும். பிள்ள மேல எனக்கு ஒண்ணும் கெடையாது. ஆனா அது பக்கத்துல அவ அம்மக்காரி நிப்பாள்லா. ஜெசிந்தா. எங்க வீட்டுக்காரவுக தம்பி பொண்டாட்டி. அவ நிக்க எடத்துல நான் நிக்க மாட்டேன். நற்கருணை வாங்கப் போறப்பவே அவ இந்த வரிசைன்னா நான் அந்த வரிசை. நாலு மாசமா அப்படித்தான்.

நீங்க இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. உங்களுக்கு ஊருல சொன்னதுதான் தெரியும். ஊருல என்ன சொல்லுதாவன்னு எனக்கும் தெரியும். ஒரு செல்போனுக்காவ ரெண்டு குடும்பம் மூஞ்சி பாக்காமக் கெடக்குன்னு சொல்லுதாவ. செல்போனா சிஸ்டர் அது? எங்க வீட்டுக்காரவுக உசிரு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க யார் மேல தப்புன்னு.

எனக்கு ஒரே கொழுந்தன், கஸ்பார். பஹ்ரைன்ல இருக்கான். அம்மையும் அப்பனும் போனப்ப அவனுக்கு வயசு பதினொண்ணு. எங்க வீட்டுக்காரவுகதான் வளத்தாவ. நான் கல்யாணமாயி இங்க வந்தப்ப அவனுக்கு மீச கூட மொளைக்கல. நான் ஆக்கிப் போட்ட சோறுதான் அவன் ஒடம்பு. சொல்லிக் காட்டுதேன்னு நினைக்காதீய. அந்தப் பழக்கம் எனக்குக் கெடையாது. ஜெசிந்தாகிட்ட வேணா ரெண்டு மூணு தடவ சொல்லிருப்பேன். அவளுக்குத் தெரியணும்லா.

போன கிறிஸ்மசுக்கு அவன் வந்தான். பொண்டாட்டிக்கு ஒரு போன் கொண்டாந்தான். கருநீலம். முன்னாடி பின்னாடி எல்லாம் கண்ணாடி. அவ அதக் கையில வச்சுக்கிட்டே பூசைக்கு வாரா, குழாயடிக்கு வாரா, மீன் வாங்க வாரா. அண்ணனுக்கு என்ன கொண்டாந்தான்? ஒரு டார்ச் லைட்டு, ஒரு தைலம், ரெண்டு சட்டத்துணி. எங்க வீட்டுக்காரவுக அதுக்கே சந்தோசப்பட்டாவ. அவுகளுக்கு ஒரு கட்டு பீடி குடுத்தாலும் சந்தோசந்தான். நான் ஒண்ணும் சொல்லல. அடுப்பாங்கரையில நின்னுக்கிட்டு, வளத்தவருக்கு டார்ச் லைட்டாம், வந்தவளுக்குச் செல்போனாம்னு ஒரு வார்த்த சொன்னேன். அது அவுக வீட்டுக்குக் கேட்டுட்டு. ரெண்டு வீட்டுக்கும் சுவரு ஒண்ணுதான, கேக்கத்தான செய்யும்.

அவன் திரும்பிப் போயி, தவக்காலம் தொடங்குன வாரம், ஊருக்கு வந்த ஒருத்தருகிட்ட அண்ணனுக்குன்னு ஒரு போன் குடுத்துவிட்டான். அதே போன். அதே கருநீலம். நான் கேட்டனா? கேக்கல.

பெட்டிய ஜெசிந்தாதான் கொண்டாந்தா. கொண்டாந்தவ குடுத்திட்டுப் போவணும்லா? போவல. வாசல்ல நின்னுக்கிட்டு சொல்லுதா: "அக்கா, இது அந்த நாட்டுல விக்கிற செட்டு. நம்ம கம்பெனி சிம்முக்கு இது சேருமான்னு பாத்துட்டு அத்தானுக்குக் குடுங்க. எனக்குக் கரையில நல்லாத்தான் எடுக்கு, கடலுக்குள்ள எடுக்குமான்னு தெரியல. திசையன்விளையில ஒரு கடையில பாத்துச் சொல்லுதாவளாம். வியாழக்கிழம நானும் வாரேன். அது வரைக்கும் அத்தான் பழைய போனையே கொண்டு போவட்டும்."

கேக்குறதுக்கு நல்ல வார்த்த மாதிரிதான் இருக்கும். நீங்களும் தலையாட்டுதீய. ஆனா அவ மூஞ்சிய நீங்க பாக்கல. தனக்கு மட்டும் இருந்தது இப்பம் எனக்கும் வந்துட்டேன்னு அந்த மூஞ்சியில எழுதியிருந்துச்சு. சேருமான்னு பாக்கணுமாம். அவளுக்குச் சேந்தது எனக்குச் சேராதாக்கும்.

உங்களுக்குக் கடல் விசயம் தெரியாது, நீங்க மதுரப் பக்கம். எங்க ஊருக் கரையில எல்லாக் கம்பெனி சிம்முக்கும் டவர் எடுக்கும். வள்ளம் அஞ்சு மைல் தாண்டிட்டா ஒரே ஒரு கம்பெனிதான். அது பன்னெண்டு மைல் வரைக்கும் விடாது. அதனால கடலுக்குப் போறவுக எல்லாரும் அந்த சிம்முதான் வச்சிருப்பாவ. எங்க வீட்டுக்காரவுக, சந்தியாகுன்னு பேரு, உங்களுக்குத் தெரியுமே, ஒரு பட்டன் போன் வச்சிருந்தாவ. எட்டு வருசப் போனு. மூணு பட்டன்ல எழுத்தே கெடையாது. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ரப்பர் பேண்டு போட்டு சட்டப் பையில வச்சுக்கிடுவாவ. பத்து மைலுக்கு அங்க இருந்து, பிரகாசி, சோத்துக்கு ஒல வையி, வந்துட்டிருக்கோம்னு சொல்லுவாவ. அடுத்த ரூம்ல நின்னு பேசுத மாதிரி கேக்கும்.

அன்னைக்குச் சாயங்காலமே நான் அந்தப் போன்ல இருந்த சிம்ம எடுத்தேன். புதுப் போனுக்கு அது பெருசு. கோயில் தெருவுல ரீசார்ஜ் கடையில குடுத்து வெட்டி வாங்கினேன். அவனே போட்டுக் குடுத்தான். டவர் எடுக்கான்னு கேட்டேன். நாலு கோடு இருக்கே அக்கான்னான். பாத்தேன், நாலு கோடு. கொடிமரத்துக்குக் கிட்ட நின்னு ஜெசிந்தாவுக்கே போனப் போட்டேன். ஏட்டி கேக்கான்னேன். கேக்கு அக்கான்னா. பொறவு என்னத்தப் பாக்கதுக்குத் திசையன்விளைக்குப் போவணும்னு கேட்டேன். கடலுக்குள்ளன்னு என்னமோ இழுத்தா. நான் வச்சிட்டேன்.

மறுநாளு தெருவுல பழைய செல்போனுக்குப் பிளாஸ்டிக் சாமான் குடுக்கவன் வந்தான். பட்டன் போனப் போட்டு ஒரு வாளி வாங்கினேன். நல்ல கனமான வாளி, பச்ச கலரு. எங்க வீட்டுக்காரவுக வந்து பாத்துட்டு, அத ஏன்ட்டீ போட்டன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டாவ. தம்பி ஆசையாக் குடுத்துவிட்டத வீட்டுல வச்சிட்டு இன்னும் அந்தக் கட்டையையே தூக்கிட்டுத் திரிவியளான்னேன். அந்த வாளியையே எடுத்துக்கிட்டுக் கால் கழுவப் போயிட்டாவ. அவுக அப்படித்தான்.

வியாழக்கிழம ஜெசிந்தா சேல மாத்தி, பிள்ளைய அவ அம்ம வீட்டுல விட்டுட்டு, பஸ்சுக்குப் போவோமான்னு வந்து நின்னா. எனக்குத் தலவலின்னு சொல்லிட்டேன். உள்ளபடியே தலவலிதான், அவளப் பாத்த ஒடனே வந்துட்டு.

எங்க வீட்டுக்காரவுக மொத ரெண்டு நாளு போயிட்டு வந்து, அங்க ஒண்ணும் எடுக்கல பிரகாசின்னு சொல்லத்தான் செஞ்சாவ. அவுகளுக்கு அந்தப் போனத் தேய்க்கத் தெரியாது சிஸ்டர். விரல் பூரா காய்ப்பு. கயிறு இழுத்த விரலு. அவுக தேச்சா அது தேயாது. அதுதான் காரணம்னு நினைச்சேன். உப்புத்தண்ணிக் கையோட தேய்க்காதீய, தொடச்சிட்டுத் தேய்ங்கன்னு ஒரு துண்டுத்துணி குடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் செவ்வாக்கிழம. விடியக்காலம் போனாவ. கூட ரெமிஜியுஸ். ரெமிசுன்னு கூப்பிடுவோம், மேலத்தெருப் பையன், கல்யாணமாயி ஒரு வருசம். அவன் போனு வேற கம்பெனி, கடலுக்குள்ள எப்பமும் எடுக்காது. மாமாகிட்டதான் பெரிய போன் இருக்கேன்னு சொல்லி அத வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டான்.

எட்டு மைல்ல வல போயி இஞ்சின் விசிறியில சுத்திட்டு. ரெமிசு கைய விட்டு எடுக்கப் பாத்திருக்கான். விசிறி திரும்பி ரெண்டு விரல வெட்டிட்டு. எங்க வீட்டுக்காரவுக தலத்துண்டக் கிழிச்சுக் கட்டிட்டு இஞ்சின எடுத்துப் பாத்தா, அது கெளம்பல. வாடக்காத்து. வள்ளத்த வெளிய வெளிய இழுக்கு.

போன எடுக்காவ. சேவை இல்லன்னு வருது. கையத் தொடச்சிட்டு அழுத்துதாவ, சேவை இல்ல. வள்ளத்து முன்பக்கம் அணியத்துல ஏறி நின்னு, கைய ஒசத்திப் பிடிச்சு அழுத்துதாவ. பொறவு எங்கிட்ட சொன்னாவ: நம்ம கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியுது பிரகாசி, பக்கத்துல டவரும் தெரியுது, கையில போன் இருக்கு, பேச முடியலன்னு. ஜெசிந்தா வீட்டுப் போனு. அதச் சொல்லும்போது அவுக குரல்ல ஒரு கோவம் கூட இல்ல. எனக்குத்தான் ஒடம்பு எரிஞ்சுது.

மத்தியானம் வந்திருக்கணும். வரல. நான் போனப் போட்டுக்கிட்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு அந்தப் பொம்பள சொல்லுதா. ஒரு மணிக்குப் போட்டேன், ரெண்டு மணிக்குப் போட்டேன். நாலு மணிக்கு ஜெசிந்தா வந்தா. அத்தான் வந்துட்டாவளான்னு கேட்டா. நானும் ஒரு பதில் சொன்னேன், போயிட்டா.

என்ன பதிலா? ஏதோ சொன்னேன். காப்பி ஆறுது சிஸ்டர், குடிங்க.

மறுநா விடிஞ்சப்ப ஊரு பூரா கரையில நின்னுச்சு. அங்கன பாக்கணும் ஜெசிந்தாவ. தலையக் கூட வாரல. வீடு வீடாப் போயி வள்ளக்காரவுகளக் கூப்பிட்டா. கஸ்பாருக்குப் போனப் போட்டா, அவன் அங்க இருந்து ரெண்டு விசைப்படகு மொதலாளிமாருகிட்டப் பேசுனான். கடலோரப் போலீசுக்கு இவளே பேசுனா. வள்ளக்காரவுககிட்ட, அந்தப் போன் கடலுக்குள்ள எடுக்கலபோல, போன நம்பாதீய, கண்ணால தேடுங்கன்னு சொல்லுதா. எத்தன பேருக்கு முன்னாடி சொல்லுதா! பெத்த தாயி கூட அப்படி ஓட மாட்டா, அப்படி ஓடுனா. நான் மணல்ல உக்காந்திருந்தேன். ஊருக்கு என்ன தோணும்? பொண்டாட்டி உக்காந்திருக்கா, ஓரவத்தி ஓடுதான்னு தோணுமா தோணாதா? அதுக்குத்தான் ஓடுனா.

பதினெட்டு வள்ளம் போச்சு. புதன்கிழம பூரா தேடியும் கெடைக்கல. வியாழக்கிழம காலையில இருபத்திரண்டு மைலுக்கு அங்க வேற ஊரு வள்ளம் பாத்து, கட்டி இழுத்துட்டு வந்தாவ. எங்க வீட்டுக்காரவுக உதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயிக் கெடந்தாவ. ரெமிசு கை கன்னங்கரேல்னு வீங்கியிருந்துச்சு.

பெரியாஸ்பத்திரியில டாக்டர் பாத்துட்டு மிச்ச மூணு விரலையும் உள்ளங்கையில பாதியையும் எடுக்கணும்னாரு. ஒரு நா முந்தி கொண்டாந்திருந்தாக் கைய மிச்சம் பிடிச்சிருக்கலாம்னு சொன்னாரு. ஒரு நா முந்தி. இப்பம் ரெமிசு கடலுக்குப் போறதில்ல. ஐஸ் கம்பெனியில ஸ்டூல் போட்டு உக்காந்து டோக்கன் குடுக்கான். எடது கையால குடுக்கான். அந்தப் பக்கம் நான் போறதில்ல.

எங்க வீட்டுக்காரவுக தேறுனதும் நான் நேராத் திசையன்விளைக்குப் போனேன். அந்தப் போனையும் பெட்டியையும் தூக்கிக்கிட்டுத் தனியாத்தான் போனேன். நியாயம் தெரியணும்லா. கடையில ஒரு பொம்பளப்பிள்ள இருந்தா. ஸ்டாரு ஆஷுன்னு என்னமோ அழுத்துனா, ஒரு நீள நம்பரு வந்துச்சு. பெட்டியில இருந்த மாடல் பேர கம்ப்யூட்டர்ல போட்டா. பாத்துட்டுச் சொன்னா: ஒரு கம்பெனி ரெண்டு மூணு அலைவரிசையில சிக்னல் அனுப்புவான் அக்கா, கிட்ட இருக்கவுகளுக்கு ஒண்ணு, தூரத்துக்குப் போறதுக்கு ஒண்ணு. கிட்டத்துல உள்ளது இந்த செட்டுல இருக்கு. தூரத்துல உள்ளது இதுல இல்ல. அந்த நாட்டுல அது வேண்டாம்னு வைக்காம விட்டுட்டான். அதான் கரையில நாலு கோடு, கடலுக்குள்ள ஒண்ணுமில்ல.

இவ்வளவுதானான்னு கேட்டேன். இவ்வளவுதான் அக்கான்னா. எத்தன நேரம் சிஸ்டர்? அஞ்சு நிமிசம். ரூவா கூட வாங்கல. அப்பம் யார் மேல தப்பு, போன் கம்பெனி மேலயா, சிம் கம்பெனி மேலயான்னு கேட்டேன். "போனும் நல்ல போன்தான், கம்பெனியும் நல்ல கம்பெனிதான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரல. கைக்கு வந்த அன்னைக்கே கொண்டாந்து காட்டியிருக்கலாம்" அப்படிங்கா. உங்கிட்ட அதக் கேட்டு வரலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு வாயி.

பஸ்சுல வரும்போது யோசிச்சேன். ஜெசிந்தா அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னதும் இந்தப் பிள்ள சொன்னதும் ஒண்ணுதான. அப்பம் அவளுக்கு முன்னயே தெரியும். தெரிஞ்சவ எதுக்குக் குடுக்கணும்? அவ வீட்டுலயே வச்சிருந்தா என்ன? பாத்துட்டுக் குடுங்கன்னு வாயால சொன்னாப் போதுமா? ஏன் அந்த வியாழக்கிழம என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவல? தலவலின்னா ஒரு மாத்திரையக் குடுத்துக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா? சொன்ன மாதிரியும் ஆச்சு, நடந்தா நடக்கட்டும்னும் ஆச்சு. தெருவுல இறங்கின ஒடனே அவ வீட்டு வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டேன். எடுக்காத போனக் குடுத்து என் வீட்டுக்காரவுகளக் கடலுக்கு அனுப்புனவ நீதான்னு கேட்டேன். தெருவே கேட்டுச்சு. அவ கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

அன்னையில இருந்துதான் பேச்சு இல்ல. அவ பேசத்தான் செய்யுதா. நாந்தான் பேசுறதில்ல.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு வீட்டுக்கும் போறாவ, வாராவ. அவுகளே போயி ஒரு பட்டன் போன் வாங்கி, சிம்முக்கு ஏதோ சட்டம் மாதிரி ஒண்ணு வச்சுப் போட்டுக்கிட்டாவ. ஜெசிந்தா நமக்கு என்னட்டீ செஞ்சான்னு எங்கிட்ட கேக்காவ. கேப்பாவ. அவுகளுக்கு என்ன தெரியும்.

அவுகளுக்கு என்ன தெரியாதுன்னா கேக்கீய?

நீங்க அப்பவே பிடிச்சிட்டீய சிஸ்டர். நாலு மணிக்கு என்ன பதில் சொன்னேன்னு கேட்டீயள்லா. சரி, சொல்லுதேன். ஒண்ணும் பெரிய விசயமில்ல. யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாவ.

நாலு மணிக்கு அவ வந்தாள்லா. அதே மூஞ்சியோட வந்தா. அத்தான்கிட்ட இருந்து போன் வந்துச்சா அக்கா, கடலுக்குள்ள எடுக்கான்னு கேட்டா. நல்லாக் கவனிங்க, வந்துட்டாவளான்னு மட்டும் கேட்டிருந்தா வரலன்னு சொல்லிருப்பேன். எடுக்கான்னு கேட்டா. எடுக்கலன்னு நான் அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அதுக்குத்தான காத்துக்கிட்டிருந்தா? நான் சொன்னேன்: "ஏன் எடுக்காது? மத்தியானமே பேசுனாவ. நல்ல மீன்பாடாம், லேட்டாவுமாம்."

அவ மூஞ்சி அப்படியே தெளிஞ்சிட்டு. நான் ஒரு வாரமா பயந்துக்கிட்டே இருந்தேன் அக்கான்னு சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே போனா.

ஏன் அப்படிப் பாக்கீய? வள்ளம் லேட்டாவாதா சிஸ்டர்? இருபத்திரண்டு வருசத்துல நூறு தடவ லேட்டாயிருக்கு. வெளக்கு வைக்க நேரத்துக்கு வந்து நிப்பாவன்னுதான் நினைச்சேன். வரலன்னதும் கரையில போயி நின்னேன். யாரு கேட்டாலும், மீன்பாடு இருக்கும், லேட்டாத்தான் வருவாவன்னே சொன்னேன். ஒருத்தருகிட்ட சொன்னத இன்னொருத்தருகிட்ட மாத்திச் சொல்ல முடியுமா? விடிஞ்ச பொறவுதான் வாய் விட்டு அழுதேன். அப்பந்தான் ஊரு கூடுச்சு. அன்னைக்கு நாலு மணிக்கே வள்ளம் போயிருந்தா வெளிச்சம் இருந்திருக்கும்னும், எட்டுப் பத்து மைலுக்குள்ளதான் கெடந்திருப்பாவன்னும் எனக்கும் தெரியும். நான் கணக்குப் பாக்காமலா இருப்பேன்?

இதுல ஜெசிந்தா என்ன செஞ்சான்னு கேளுங்க. அதுதான் விசயமே.

ஆஸ்பத்திரியில ரெமிசுவ உள்ள கொண்டு போயிட்டாவ. நாங்க எல்லாரும் வெளிய வராந்தாவுல நிக்கோம். அவன் அம்மக்காரி, செவ்வாக்கிழம சாயங்காலமே ஏன் ஒருத்தரும் போவலன்னு எல்லாரையும் பாத்துக் கேட்டா. ஜெசிந்தா என் பக்கத்துலதான் நிக்கா. இப்பம் சொல்லப் போறான்னு நினைச்சேன். சொன்னா, அவ பொய் சொல்லுதான்னு அடிச்சுப் பேசதுக்கு வார்த்தையக் கூட ரெடியா வச்சிருந்தேன்.

அவ சொன்னா: "எங்களுக்குத் தெரியல அத்த. லேட்டாவும்னு நினைச்சிட்டோம்."

எங்களுக்காம். நினைச்சிட்டோமாம். அந்தக் கெழவி ஜெசிந்தா மூஞ்சியில துப்பாத கொறையாப் பாத்தா. போன் குடுத்தது நீங்கதானட்டீ, ஒனக்காவது தோண வேண்டாமான்னு கேட்டா. ஜெசிந்தா தலையக் குனிஞ்சுக்கிட்டு அதையும் வாங்கிக்கிட்டா.

அன்னைக்குச் சொல்லல. நான் அவ வாசல்ல நின்னு தெருவே கேக்கக் கத்துனேனே, அன்னைக்கும் சொல்லல. கஸ்பாருகிட்ட சொல்லல. சொல்லியிருந்தா அவன் போன்ல எங்கிட்ட மதினி மதினின்னு பேசுவானா? நாலு மாசமாச்சு சிஸ்டர். சொல்லியிருந்தா நானும் நாலு சொல்லியிருப்பேன், சண்ட போட்டிருப்போம், முடிஞ்சிருக்கும். அவ சொல்லவே மாட்டேங்கா. அத அப்படியே உள்ளங்கையில பொத்தி வச்சிருக்கா. நான் குழாயடிக்குப் போனா ஒதுங்கி எடம் விடுதா. எங்க வீட்டுக்காரவுக சாப்பாட்டுக்கு உக்காந்தா ஷெர்லின்கிட்ட மீன்கொழம்பு குடுத்தனுப்புதா. நான் ஒருநாள் பொறுக்க மாட்டாம, சொல்லணும்னா சொல்லித் தொலையேன்ட்டீன்னு கேட்டே கேட்டுட்டேன். என்னத்த அக்கா சொல்லன்னு கேக்கா. கண்ணுல தண்ணி வேற. எவ்வளவு அழுத்தம் இருந்தா ஒரு பொம்பள அப்படி இருப்பா? இவகூட ஒரே பெஞ்சுல நின்னு, அவ பிள்ள தலையில நான் கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணணும்ங்கீய.

போன வாரம் எங்க வீட்டுக்காரவுக சோத்துக்கு உக்காந்திருக்கும்போது சும்மா கேட்டாவ. செவ்வாக்கிழம பொழுது சாயுத வரைக்கும் கரையையே பாத்துக்கிட்டுக் கெடந்தோம் பிரகாசி, ஒரு வள்ளமாவது வரும்னு ரெமிசுகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன், ஏன் ஒண்ணும் வரலன்னு கேட்டாவ. நான் கொழம்பச் சூடாக்கிட்டு வாரேன்னு உள்ள போயிட்டேன். திரும்பி வரும்போது அவுக கை கழுவிட்டாவ. பொறவு கேக்கல. தெரிஞ்சு கேட்டாவளா தெரியாமக் கேட்டாவளான்னு எனக்குப் பிடிபடல. ஜெசிந்தா சொல்லியிருப்பாளோன்னு நினைச்சேன். சொல்ல மாட்டா. அவள எனக்குத் தெரியும்.

எந்திரிச்சிட்டீயளா? அங்கதான் போறீயளா? போங்க. பிள்ள தலைக்குப் பூமுடி, மெழுகுதிரி எல்லாம் நான் வாங்கி வச்சிருக்கேன், அலமாரியில இருக்கு, தாரேன், நீங்களே குடுத்துருங்க. பெரியம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. அவ அம்மகிட்ட நான் பேசுனது எல்லாத்தையும் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் பயமில்ல. அந்த நாலு மணி விசயத்த மட்டும் சொல்லாதீங்க. என்ன சொல்லுதேன் நான், அவளுக்குத்தான் அது தெரியுமே.

இது வரைக்கும் அது அவளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். இப்பம் உங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. நீங்க எதுக்கு சிஸ்டர் இவ்வளவு நேரம் என்னப் பேச விட்டுட்டு உக்காந்திருந்தீய? குறுக்க ரெண்டு வார்த்த பேசியிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்லா. ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆனவுககிட்ட இதையெல்லாம் சொல்லுவனா நான்? நீங்களும் யாருகிட்டயும் சொல்ல மாட்டீய. தெரியும். அவள மாதிரியே வச்சுக்கிட்டிருப்பீய. பூசையில என்னப் பாத்தாச் சிரிப்பீய.

நான் இனி காலப்பூசைக்கு வரமாட்டேன், சாயங்காலப் பூசைக்குத்தான் வருவேன். அங்கயும் நீங்க இருந்தீயன்னா நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் போவேன். கோவிச்சுக்கிடாதீங்க. இந்தப் பக்கமும் இனி வராதீங்க சிஸ்டர்.